பங்குக் கிணறும் வரைகலை அட்டையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியில், கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி பிரிகின்ற இடத்தில் அமைந்த கொடிகாமம், தென்னைக்கும் பலாவுக்கும் மாவுக்கும் பெயர்பெற்ற சந்தை ஊராகும். வடக்கிலும் தெற்கிலும் கடனீரேரிகள் நெருங்கிக் கிடக்க, ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத இந்நிலத்தில், மாரி மழை மண்ணுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கும் நன்னீரே குடிக்கவும் தோட்டம் இறைக்கவும் உதவியது. ஆகவே ஒரு காணியின் பெறுமதியைப் பெரும்பாலும் அதற்கு வாய்த்த கிணறே தீர்மானித்தது. முதுசமாகவும் சீதனமாகவும் காணி தலைமுறைதோறும் துண்டுபட்டபோதும் கிணறு பிரிபடாத சொத்தாகவே நின்றது. குடாநாட்டுக் காணி உறுதிகளில், பரப்பும் குழியுமாக நிலத்தின் அளவைச் சொன்ன கையோடு, எல்லையிலுள்ள கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் பாத்தியமும் அக்காணிக்கு உண்டு என்று நொத்தாரிசு எழுதும் வழக்கம் இதனாலேயே வேரூன்றியது.

உறுதியில் எழுதப்பட்ட பங்கு, தோட்டத்தில் முறையாக மாறியது. நாலிலொரு பங்குடையவருக்கு நான்கு நாளில் ஒரு நாள் முறை. அன்று துலா மிதிப்பவரும், பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பவரும், வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிக் கட்டுபவரும் அவருடைய ஆட்கள். மறுநாள் அதே துலாவும் அதே வாய்க்காலும் வேறொருவருக்கு உரியன. மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் பரவியபின், ஒருவர் தம் முறையில் அளவுக்கு மேல் இறைத்தால் நன்னீர்ப் படை மெலிந்து உவர் மேலேறி, அடுத்த பங்காளியின் பயிரும் கருகும் என்ற ஆபத்து முன்னிலும் பெரிதாயிற்று. ஆகவே முறை என்பது எவர் எப்போது இறைப்பது என்ற கேள்விக்கும், ஊற்று எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கும் ஒருங்கே விடை தரவேண்டியதாக இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் இடம்பெயர்ந்த வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்து, கொடிகாமம் வரையிலும் வீடுகளிலும் கோயில்களிலும் பாடசாலைகளிலும் தங்கியபோது, ஒரு குடும்பத்துக்கென வெட்டிய கிணற்றில் பல குடும்பங்கள் அள்ள நேர்ந்தது.

பிரிக்க முடியாத ஒன்றைப் பலர் ஆள்வது எவ்வாறு என்ற இதே கேள்வி கணினித் துறையில் மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. அதன் அண்மைய வடிவமே, ஒரே வரைகலை அட்டையைப் பல மெய்நிகர் இயந்திரங்களுக்குப் பங்கிடும் கலை. மெய்நிகர் இயந்திரம் என்பது, ஒரு மெய்யான கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்டு, தனக்கென ஒரு கணினி இருப்பதாகவே எண்ணி இயங்கும் கணினி; ஒவ்வொன்றுக்கும் தனி இயங்குதளமும் தனி நினைவகமும் உண்டு; அவற்றையெல்லாம் மேற்பார்வை செய்யும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். வரைகலை அட்டை என்பது, இலங்கைக் கடைகளில் விஜிஏ கார்ட் என்று கேட்டு வாங்கப்படும் பொருள். திரையில் தோன்றும் படங்களை வரைவதற்கென அமைந்த அதன் செயலி, ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே வேளையில் செய்யவல்லது என்பதால், இன்று செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கும் அதுவே இன்றியமையாததாகிவிட்டது. கணினியின் மையச் செயலியைப் பங்கிடும் முறை 1960களிலேயே கைவந்திருக்க, வரைகலை அட்டையைப் பங்கிடுவது ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிந்தியது. அத்தாமதத்தின் காரணம் அறியப்படவேண்டியது.

முதற்கட்டம் வேகமாகவே கடந்தது. 1959 சனவரியில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோன் மெக்கார்த்தி, விலைமதிப்புள்ள ஒரு கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறையை முன்மொழிந்து ஒரு குறிப்பு எழுதினார். அதே கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961 நவம்பரில், ஐபிஎம் 709 கணினியில் நான்கு முனையங்களை இணைத்து அதைச் செய்துகாட்டியது. ஒருவரின் முறை முடிந்ததும் அவருடைய வேலை முழுவதும் காந்த நாடாவில் எழுதிவைக்கப்பட்டு, அடுத்தவரின் வேலை நினைவகத்துக்குள் ஏற்றப்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் நிலையத்தில் ரொபர்ட் கிரீசியும் லெஸ் கோமோவும் உருவாக்கிய சிபி-40 என்னும் முறைமை 1967இல் ஒரு படி மேலே சென்று, ஒரே இயந்திரத்தில் 14 மெய்நிகர் இயந்திரங்களை இயக்கியது. அதன் வழித்தோன்றலான விஎம்/370 என்பதை ஐபிஎம் 1972 ஆகஸ்டில் சந்தைக்கு அறிவித்தது. மேற்கு ஜேர்மனியின் உதவியோடு வளர்ந்த சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973இல் ஐபிஎம் 370/155 வந்து சேர்ந்தபோது, துளையிட்ட அட்டைக் கட்டுகளை ஒப்படைத்து விடைக்குக் காத்திருப்பதே அங்கிருந்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பங்கீடாக இருந்தது.

மையச் செயலி பங்கீட்டுக்கு இணங்கியதற்குக் காரணம், எந்த வேலையையும் நடுவில் நிறுத்தி, அதன் நிலையைக் குறித்துவைத்து, பின்னர் நிறுத்திய இடத்திலிருந்தே தொடர அதற்குத் தெரியும் என்பதுதான். வரைகலை அட்டைக்கு அது தெரியாது. 1999இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜீபோர்ஸ் 256 உள்ளிட்ட அட்டைகள் எல்லாம், ஒரு மேசையில் ஒருவர் அமர்ந்து ஒரு திரையைப் பார்ப்பார் என்ற எண்ணத்தில் வடிக்கப்பட்டவை. ஒரு படத்தை வரையத் தொடங்கினால் அந்த வேலைத்துண்டு முடியும்வரை அவை வேறெதற்கும் செவிசாய்ப்பதில்லை. அத்தோடு அட்டை தன் நினைவகத்தையும் கணினியின் நினைவகத்தையும் நேரடியாக எட்டிப் படிக்கவும் எழுதவும் வல்லது என்பதால், ஒரு மெய்நிகர் இயந்திரத்தின் கட்டளை மற்றொன்றின் இரகசியத்தைத் தொட்டுவிடும் ஆபத்தும் இருந்தது. உட்புற அமைப்பை உற்பத்தியாளர்கள் வெளியே சொல்லாததால், வெளியார் எவரும் இக்குறைகளைத் திருத்தவும் இயலவில்லை. மூன்று தடைகளிலும் கடைசியதே நெடுங்காலம் நீடித்தது.

ஆகவே முதலில் வந்தவை தற்காலிக வழிகளே. 1999 முதல் விற்பனையில் இருந்த விஎம்வேர் மென்பொருள், மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஒரு கற்பனை அட்டையைக் காட்டி, அதற்கு வரும் வரைதல் கட்டளைகளை வாங்கி, வெளியேயுள்ள மெய்யான அட்டையின் மொழிக்கு மாற்றிக் கொடுத்தது. பங்கீடு நடந்தது, ஆனால் ஒவ்வொரு கட்டளையும் இடைத்தரகர் வழியே போனதால் வேகம் குன்றியது, புதிய வசதிகளும் எட்டவில்லை. இதற்கு நேர்மாறான வழி, அட்டையை அப்படியே ஒரு மெய்நிகர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடுவது. சாதனங்கள் தமக்கு ஒதுக்கிய நினைவகத்துக்கு அப்பால் எட்டாதபடி தடுக்கும் வன்பொருள் பொதுக் கணினிகளில் இடம்பெற்றபின் இது பாதுகாப்பாயிற்று. 2012இல் லினக்ஸ் இயங்குதளக் கருவின் 3.6 பதிப்பில் சேர்ந்த விஎஃப்ஐஓ என்னும் கட்டமைப்பு அதை எவரும் செய்யக்கூடியதாக்கியது. வேகம் முழுமையாகக் கிடைத்தது. ஆனால் ஒரு கிணற்றை ஒரு பங்காளிக்கே எழுதிக்கொடுத்தது போல, மற்ற இயந்திரங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ஒருவருக்கும்கூட நெடுநாள் தடை இருந்தது: மலிவான ஜீபோர்ஸ் அட்டையின் இயக்கி மென்பொருள், தான் மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருப்பதை உணர்ந்தால் இயங்க மறுத்து, விண்டோஸ் திரையில் 43 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். 2021இல்தான் என்விடியா இத்தடையை அதிகாரபூர்வமாக நீக்கியது.

உண்மையான பங்கீடு 2012க்கும் 2017க்கும் இடையில் பிறந்தது. என்விடியா 2012இல் அறிவித்து அடுத்த ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த கிரிட் கே1 அட்டையில் நான்கு செயலிகளும் 16 கிகாபைட் நினைவகமும் இருந்தன. சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் சென்சர்வர் ஹைப்பர்வைசரோடு சேர்ந்து, ஒவ்வொருவருக்கும் 256 மெகாபைட் வீதம் 32 மெய்நிகர் இயந்திரங்கள் வரை அதைப் பங்கிட முடிந்தது. இங்கு வகுக்கப்பட்ட ஒழுங்கே இன்றும் பெரும்பாலும் தொடர்கிறது: அட்டையின் நினைவகம் இடத்தால் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு பங்காளிக்கும் நிலையாக ஒதுக்கப்படுகிறது, கணக்கிடும் ஆற்றலோ நேரத்தால் பிரிக்கப்பட்டு முறை வைத்துச் சுற்றிவருகிறது. காணி துண்டுபட்டும் கிணறு பொதுவாகவும் நிற்கும் கொடிகாமத்து ஏற்பாட்டை நினைவூட்டும் அமைப்பு இது.

இன்டெல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறொரு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தனர். குன் தியான், யாவ்சு டொங், டேவிட் கௌபர்த்வெயிட் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, அடிக்கடி நிகழ்வதும் ஆபத்தற்றதுமான வேலைகளை மெய்நிகர் இயந்திரம் நேரடியாக வரைகலைச் செயலியிடமே செய்துகொள்ளட்டும், பிறரைப் பாதிக்கக்கூடிய கட்டளைகளை மட்டும் ஹைப்பர்வைசர் இடைமறித்துச் சரிபார்க்கட்டும் என்ற நடுவழியை விளக்கியது. இவ்வழியில் தனியே இயங்கும்போது கிடைக்கும் வேகத்தின் 95 விழுக்காடு வரை எட்டியதாகவும், ஏழு மெய்நிகர் இயந்திரங்கள் வரை தாங்கியதாகவும் அவர்கள் காட்டினர். மையச் செயலி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற ஆகும் நேரத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வரைகலைச் செயலி மாற ஆகிறது என்பதையும் அக்கட்டுரை அளந்து கூறியது. முறையை அடிக்கடி மாற்றினால் மாற்றத்திலேயே காலம் கழியும், எப்போதாவது மாற்றினால் காத்திருப்பவரின் திரை உறையும் என்ற இக்கட்டு இந்த அளவீட்டில்தான் தெளிவாகிறது.

இந்நடுவழியைப் பொதுவுடைமையாக்கியது லினக்ஸ் கரு. என்விடியாவைச் சேர்ந்த நியோ ஜியா, கீர்த்தி வாங்கடே ஆகிய இருவரும் எழுதி, 2017 பெப்ரவரியில் 4.10 பதிப்பில் சேர்க்கப்பட்ட கட்டமைப்பு, எந்தச் சாதனத்தின் இயக்கியும் தன்னை இத்தனை பங்குகளாகக் காட்டிக்கொள்ளப் பொதுவான ஒரு வாயிலை அமைத்தது. இன்டெலின் வரைகலைச் செயலிகளும் என்விடியாவின் அட்டைகளும் அவ்வாயிலைப் பயன்படுத்தின. தம் நிறுவனத்தின் இயக்கி மூடியே இருந்தபோதும் அதற்கான வாயிலைத் திறந்த மூலமாக எழுதிக்கொடுத்த இப்பணி, இவ்வரலாற்றில் போதிய பாராட்டைப் பெறவில்லை என்றே சொல்லவேண்டும். ஏஎம்டி நிறுவனம் 2016இல் பயர்புரோ எஸ்7150 அட்டையோடு முற்றிலும் வன்பொருள் சார்ந்த வழியை எடுத்தது. பிசிஐ இணைப்புத் தரத்தை வகுக்கும் அமைப்பு 2007இல் வெளியிட்ட எஸ்ஆர்-ஐஓவி என்னும் விதியின்படி, அந்த ஒரே அட்டை 16 தனித்தனி அட்டைகள்வரை தன்னைக் காட்டிக்கொண்டது.

முறை எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. என்விடியாவின் தொடக்க ஒழுங்கில், வேலை உள்ளவர்களிடையே அட்டை சுற்றிவரும்; ஒருவர் சும்மா இருந்தால் அவருடைய நேரம் மற்றவர்க்குப் போகும். இதனால் அட்டை வீணாவதில்லை. ஆயினும் ஒருவர் கடுமையான வேலை ஒன்றை ஏவிவிட்டால் ஏனையோரின் திரைகள் திக்கும். எந்தக் கட்டளையின் நடுவிலும் கணக்கீட்டை நிறுத்தவல்ல பாஸ்கல் தலைமுறைச் செயலிகள் 2016இல் வந்தபின், சம பங்கு, நிலைப் பங்கு என இரு புதிய ஒழுங்குகள் சேர்க்கப்பட்டன. சம பங்கில், அப்போது இயங்கும் இயந்திரங்களின் எண்ணிக்கைக்கேற்ப நேரம் சமமாகப் பிரியும். நிலைப் பங்கில், பங்காளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய பங்கு அவருக்கே ஒதுக்கி வைக்கப்படும். எட்டுப் பங்குகள் வரை கொள்ளும் அட்டையில் ஒரு முறைக்கு 2 மில்லிசெக்கனும், எட்டுக்கு மேற்பட்டால் 1 மில்லிசெக்கனும் இயல்பாகத் தரப்படுகின்றன. செக்கனுக்கு 60 படங்கள் காட்டும் திரைக்கு ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன் கிடைக்கிறது. எட்டுப் பேர் இரண்டு மில்லிசெக்கன் வீதமும் பதினாறு பேர் ஒன்று வீதமும் எடுத்தால் ஒரு சுற்று 16 மில்லிசெக்கனில் முடிகிறது. ஆகவே அடுத்த படம் தோன்றுமுன் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வந்துவிடுகிறது. 16 கிகாபைட் நினைவகமுள்ள டி4 அட்டையைத் தலைக்கு ஒரு கிகாபைட் வீதம் பதினாறு பேருக்குப் பங்கிடும் வழக்கத்துக்குள் இந்த எண்கணிதமே அடங்கியிருக்கிறது.

2020 மே மாதத்தில் வந்த என்விடியாவின் ஏ100 அட்டை, நேரத்தை விட்டு இடத்தைப் பிரிக்கும் வழிக்குத் திரும்பியது. அதன் செயலியும் நினைவகமும் நினைவகத்துக்குச் செல்லும் பாதையும் வன்பொருளிலேயே ஏழு துண்டுகள் வரை பிரிக்கப்படக்கூடியன. 40 கிகாபைட் அட்டையில் மிகச் சிறிய துண்டுக்கு 5 கிகாபைட் கிடைக்கும். ஒரு துண்டில் நடக்கும் கனத்த கணக்கீடு மற்றத் துண்டின் வேகத்தைக் குறைக்காது என்பதே இதன் பெரும் பயன். முறை வைத்து இறைத்தபோதும் ஊற்றுப் பொதுவாக இருந்ததால் உவர் ஏறும் அச்சம் நீங்காத பங்குக் கிணற்றால் இவ்வுறுதியைத் தர முடிந்ததில்லை.

தொழில்நுட்பம் இவ்வாறு தீர்ந்தபோதும், பங்கின் உரிமை வேறு கதையாக வளர்ந்தது. கே1 அட்டையை வாங்கியவருக்குப் பங்கிடும் வசதி அட்டையோடு சேர்ந்தே கிடைத்தது. 2015இல் கிரிட் 2.0 வந்ததிலிருந்து, அட்டையின் விலைக்கு மேலாக, ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் உரிமக் கட்டணம் செலுத்தி, உரிமத்தைச் சரிபார்க்கும் சேவையகம் ஒன்றையும் இயக்கவேண்டியதாயிற்று. சாதாரண ஜீபோர்ஸ் அட்டைகளில் இவ்வசதியே காட்டப்படவில்லை. ஆனால் 2021இல் வெளியான ஒரு திறந்த மூல நிரல், அவற்றுள் பலவற்றிலும் அதே ஆற்றல் ஏற்கெனவே இருந்ததையும், மென்பொருளால் மட்டுமே அது பூட்டப்பட்டிருந்ததையும் செய்துகாட்டியது. தமக்கு உரிய கிணற்றின் முறையைப் பங்காளிகள் தாமே பேசித் தீர்த்தனர், பிணக்கு வந்தால் உறுதியைக் காட்டி நீதிமன்றம் சென்றனர். அட்டைக்குப் பணம் செலுத்தியவரோ, அதை எத்தனை பேர் ஆளலாம் என்பதை விற்றவரிடம் கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாடு பெரிய மருத்துவமனைக்கும் வங்கிக்கும் சுமையாக இராது. சிறிய கல்வி நிலையத்துக்கு அது நியாயமற்றது.

தெற்காசியாவின் பாடசாலைகள் இதைவிட எளிய பங்கீட்டையே முதலில் கண்டன. 2008இல் ஆந்திரப் பிரதேச அரசு ஏறத்தாழ 5,000 பாடசாலைகளுக்கு என்கொம்பியூட்டிங் நிறுவனத்தின் கருவிகளைத் தெரிவுசெய்தது. ஒரு கணினியோடு சிறு பெட்டிகளை இணைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு திரையும் விசைப்பலகையும் கொடுத்துப் பல மாணவரை அமர்த்தும் முறை அது. செலவு வெகுவாகக் குறைந்தது. எனினும் அனைவரும் ஒரே இயங்குதளத்துக்குள் இருந்ததால், அக்கணினி நின்றால் எல்லாத் திரைகளும் நின்றன. முப்பரிமாண வரைதலுக்கும் அது ஏற்றதாக இருக்கவில்லை. மெய்நிகர் இயந்திரங்களுக்கு அட்டையைப் பங்கிடும் முறை நிரப்புவது இவ்விடைவெளியையே.

குடாநாட்டின் வரலாறு இம்முறைக்கு வேறெங்கும் இல்லாத பொருத்தத்தைத் தருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1991இல் கணினியியல் துறை தொடங்கப்பட்டபோது, போரினால் முந்திய ஆண்டு அறுந்துபோன மின் வழங்கல் குடாநாட்டுக்குத் திரும்பியிருக்கவில்லை. எரிபொருளும் மின்கலங்களும் தடைப் பொருள்களாக இருந்த காலத்தில் ஒரு கணினியைச் சில மணி நேரம் இயக்குவதற்கே திட்டமிடல் வேண்டியிருந்தது. போர் முடிந்து, கொடிகாமத்தினூடாகச் செல்லும் தொடருந்துப் பாதையும் 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம்வரை திறக்கப்பட்டு, மின்வலையும் இணைய இழையும் வந்துவிட்ட இன்று, குறைவாக இருப்பது கணக்கிடும் ஆற்றலே. செயற்கை நுண்ணறிவுக்கேற்ற ஓர் அட்டையின் விலை ஒரு பாடசாலையின் கைக்கு எட்டாதது. பல பாடசாலைகளும் ஒரு பல்கலைக்கழகத் துறையும் கூட்டாக வாங்கி, பகலில் வகுப்பறைகளுக்குச் சிறு துண்டுகளாகவும் இரவில் ஆய்வாளருக்கு முழு அட்டையாகவும் முறை வைத்துக் கொடுத்தால் அதே பணம் பலமடங்கு பயன்தரும்.

அவ்வாறு வாங்க முன்வருவோர், அட்டையின் நினைவக அளவையும் விலையையும் மட்டும் கேட்டு நின்றுவிடாமல், அது எத்தனை பங்குகளாகப் பிரியும், பிரிவு நேரத்தாலா வன்பொருளாலா, பங்கிடுவதற்குத் தனி உரிமக் கட்டணம் உண்டா, உண்டெனில் ஐந்து ஆண்டுகளில் அது அட்டையின் விலையை எத்தனை மடங்கு மிஞ்சும் என்பவற்றை விலைமனுவிலேயே எழுத்தில் பெறவேண்டும். கூட்டாக வாங்குவோர் தமக்குள்ளும் யாருக்கு எத்தனையில் ஒரு பங்கு, எந்த நேரம் எவர் முறை என்பதை அட்டை வந்து சேருமுன்பே எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது.